கண்காணிப்பும் தொடரளவீடும்: இந்தியத் துருவக் கொள்கை ஆவணங்கள் குறித்த ஒரு திறனாய்வு (சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

துருவப் பகுதிகளின் சுற்றுச்சூழலை நீண்ட காலம் அளந்து பதிவு செய்யும் பணியை இந்தியா 1980களிலிருந்து செய்துவருகிறது. இப்பணியோடு தொடர்புடைய இரண்டு ஆவணங்கள் 2022ஆம் ஆண்டில் வெளிவந்தன. ஒன்று இந்திய அண்டார்டிகா சட்டம்; மற்றொன்று இந்திய ஆர்க்டிக் கொள்கை. இவ்விரண்டும் ‘கண்காணிப்பு’ என்னும் கருத்தை எவ்வாறு பொருள்கொள்கின்றன, பல துறைகள் செய்யும் அளவீடுகளை எந்த அளவிற்கு ஒருங்கிணைக்கின்றன என்பதை இக்கட்டுரை திறனாய்வு நோக்கில் ஆராய்கிறது. நடத்தையை மேற்பார்வையிடுதல், இயற்கையை இடையறாது அளத்தல் என்னும் இரு வேறு செயல்கள் ஒரே சொல்லுக்குள் அடங்கிப்போவதால் இரண்டாவது செயல் கவனம் இழக்கிறது என்பது இதன் வாதம். மேட்டூர் அணை நீர்மட்டப் பதிவும் நாமக்கல் வட்டார வானிலை அறிவிப்புகளும் ஒப்பீட்டுச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: துருவ ஆய்வு, தொடரளவீடு, கண்காணிப்பு, அண்டார்டிகா சட்டம், ஆர்க்டிக் கொள்கை, மேட்டூர், கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளிக்கும் அண்டார்டிகாவிற்கும் என்ன தொடர்பு என்னும் வினா எழுவது இயல்பு. நிலவியலார் இதற்கு எளிதாக விடை கூறுவர். சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் சார்னோகைட் பாறையால் ஆனவை. அதே வகைப் பாறை கிழக்கு அண்டார்டிகாவிலும் காணப்படுகிறது. கோண்டுவானா பெருநிலம் பிளவுபடுவதற்கு முன் இந்தியாவும் கிழக்கு அண்டார்டிகாவும் அடுத்தடுத்து இருந்தன. இவ்விடை சரியானதே. எனினும் அது கடந்துபோன காலத்தின் உறவை மட்டுமே கூறுகிறது. இன்றைய உறவு காற்றின் வழியாகவும் கடலின் வழியாகவும் நிகழ்கிறது. அதைப் பாறையில் படிக்க இயலாது. ஆண்டுக்கணக்கில் அளந்து எழுதிவைத்த எண்களில்தான் படிக்க இயலும்.

அந்த எண்களை யார் அளக்கிறார்கள், யார் காக்கிறார்கள், ஓர் ஆண்டு விடுபட்டால் யார் பொறுப்பு என்னும் வினாக்கள் நிர்வாகத்தைச் சார்ந்தவை போலத் தோன்றினும் அவை மொழியையும் சார்ந்தவை. சட்டமும் கொள்கையும் சொற்களால் ஆனவை. ஒரு செயலுக்கு ஆவணம் எந்தச் சொல்லைத் தருகிறதோ அந்தச் சொல்லின் எல்லைக்குள்தான் அச்செயல் நடைபெறும். ஆகவே இவ்வாவணங்களைப் பனுவல்களாகக் கொண்டு வாசிப்பது தமிழாய்வாளருக்கும் உரிய பணியாகிறது.

1. ‘கண்காணி’ என்னும் சொல்லின் சுமை

ஆங்கிலத்தில் இப்பணிக்கு வழங்கும் சொல்லைத் தமிழ் அறிவியல் எழுத்தும் அரசு ஆவண மொழிபெயர்ப்புகளும் பெரும்பாலும் ‘கண்காணிப்பு’ எனத் தருகின்றன. இச்சொல்லுக்கு நீண்ட வரலாறு உண்டு. திருமூலரின் திருமந்திரத்தில் எங்கும் நிறைந்து மாந்தர் செயலைப் பார்த்திருக்கும் இறைவனைக் ‘கண்காணி’ என்னும் சொல் குறிக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் அது மேற்பார்வை செய்யும் பொறுப்பாளரைச் சுட்டுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை, மலேயா தோட்டங்களுக்கு ஆள் திரட்டி, அவர்களை வேலை வாங்கிய இடைத்தரகர் ‘கங்காணி’ ஆனார். திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற குடும்பங்களின் நினைவில் இச்சொல் அதிகாரத்தின் சொல்லாகவே பதிந்துள்ளது.

இம்மூன்று வழக்குகளிலும் பொதுவாக உள்ள கூறு ஒன்றே. கண்காணிக்கப்படுவது ஒருவரது நடத்தை. கண்காணிப்பவர் அந்நடத்தை நெறி பிறழாமல் இருக்கிறதா என்று பார்ப்பவர். பனியாற்றின் முகப்பு எவ்வளவு பின்வாங்கியது, வளிமண்டலத்தில் ஓசோன் எவ்வளவு உள்ளது, நூற்றுத் தொண்ணூறு மீட்டர் ஆழத்தில் கடல்நீரின் வெப்பம் என்ன என்று அளப்பது இப்பொருளுக்குள் அடங்காது. பனியாறு நெறி பிறழ்வதில்லை. அதை அளப்பவர் அதற்கு மேலாளரும் அல்லர்.

ஈழத்தமிழ் வழக்கில் ‘அவதானிப்பு’ என்னும் சொல் இவ்விடத்தில் பயில்கிறது. அவதானம் என்பது கவனம். ஒரே நேரத்தில் நூறு பொருள்களில் கவனம் செலுத்துபவரைச் சதாவதானி என்று அழைத்த மரபு நமக்கு உண்டு. செய்குதம்பிப் பாவலர் அவ்வாறு போற்றப்பட்டவர். பல இடங்களில், பல கருவிகளில், ஒரே காலத்தில் கவனம் சிதறாதிருத்தல் என்னும் பொருளுக்கு இது அணுக்கமானது. ஆயினும் காலத் தொடர்ச்சி என்னும் கூறு இதிலும் வெளிப்படையாக இல்லை. எனவே இக்கட்டுரை, ஒரே பொருளை ஒரே முறையில் நெடுங்காலம் இடைவிடாது அளந்து பதிவு செய்வதைத் ‘தொடரளவீடு’ என்று குறிக்கிறது. விதிமீறல் நிகழாமல் மேற்பார்வையிடுவதைக் ‘கண்காணிப்பு’ என்றே குறிக்கிறது.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாட்சி வேறுபாடு அன்று என்பதற்குப் பன்னாட்டு ஒப்பந்தமே சான்று. 1991இல் கையெழுத்தாகி 1998இல் நடைமுறைக்கு வந்த, அண்டார்டிகா உடன்படிக்கைக்கான சுற்றுச்சூழல் பாதுகாப்பு நெறிமுறையின் மூன்றாம் உறுப்பு இரு வகை முறையான பதிவுகளைக் கோருகிறது. முதலாவது, அங்கு நடைபெறும் செயல்களின் தாக்கத்தை மதிப்பிடுவதற்கானது. இரண்டாவது, அண்டார்டிகா உடன்படிக்கைப் பகுதிக்கு உள்ளேயும் வெளியேயும் நடைபெறும் செயல்களால் எதிர்பாராமல் விளையக்கூடிய மாற்றங்களை முன்கூட்டியே கண்டறிவதற்கானது. முதலாவதைக் கண்காணிப்பு என்று கூறுவது பொருந்தும். இரண்டாவது தொடரளவீடு இன்றி இயலாது.

‘வெளியேயும்’ என்னும் அச்சொல்லின் வீச்சை உணர வேண்டும். 1,440 மெகாவாட் திறனுள்ள மேட்டூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியும், நாமக்கல்லிலிருந்து நாடெங்கும் ஓடும் சரக்குந்துகளும், நமது வீட்டுக் குளிர்பதனப் பெட்டிகளும் அச்சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. அண்டார்டிகாவில் ஒருபோதும் கால்வைக்காத நாமும் அந்த உறுப்பின் எழுவாயாக இருக்கிறோம்.

2. தொடர்ச்சியின் மதிப்பு

தொடரளவீட்டின் மதிப்பை விளக்க ஆய்வுலகம் எப்போதும் சுட்டும் சான்று ஹாலி ஆய்வு நிலையம். 1957–58ஆம் ஆண்டுப் பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி அங்கே தொடங்கிய ஓசோன் அளவீட்டை பிரித்தானிய அண்டார்டிகா ஆய்வமைப்பு கால் நூற்றாண்டுக்கும் மேலாக விடாமல் நடத்தியது. அக்காலத்தின் பெரும்பகுதியில் அந்த எண்களில் எவரும் வியக்கும்படி எதுவும் இல்லை. 1985இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் அத்தொடரைக் கொண்டே அண்டார்டிகாவின் இளவேனிற்காலத்தில் ஓசோன் பெரிதும் குறைந்துவருவதை நிறுவினர். செயற்கைக்கோள் பதிவுகளிலும் அச்சரிவு இருந்தது. ஆயின் மிகக் குறைந்த அளவுகள் ஐயத்திற்குரியவை எனக் குறியிடப்பட்டிருந்தன. தரையில் நின்ற பழைய கருவியின் நீண்ட பதிவே ஐயத்தைத் தீர்த்தது. இரண்டே ஆண்டுகளில், 1987இல், மான்ட்ரியல் நெறிமுறை உருவாயிற்று.

இந்நிகழ்விலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, தொடரின் பயன் அது தொடங்கிய காலத்தில் தெரிவதில்லை. இரண்டாவது, நடுவே பத்தாண்டுகள் விடுபட்டிருந்தால் எஞ்சிய எண்களைக் கொண்டு அம்முடிவை எட்டியிருக்க முடியாது. மூன்றாவது, விடுபட்ட ஆண்டைப் பின்னர் எத்தகைய நிதியைச் செலவிட்டும் அளக்க இயலாது. கட்டடம் இடிந்தால் மீண்டும் கட்டலாம்; 1974ஆம் ஆண்டின் அக்டோபர் மாதத்தை மீண்டும் அளக்க முடியாது. ஓர் ஆய்வுத் திட்டத்திற்கு நிதி ஒதுக்கும் வழக்கமான கால அளவு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் என்பதை இதனோடு வைத்து நோக்கினால் சிக்கலின் வேர் புலப்படும்.

3. தட்சிண கங்கோத்ரி: ஒரு பெயர், இரு கதைகள்

இந்தியாவிலும் இத்தகைய தொடர்கள் உள்ளன. எஸ். இசட். காசிம் தலைமையில் 21 பேர் கொண்ட முதற்குழு 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்டு 1982 ஜனவரி 9ஆம் நாள் அண்டார்டிகாவில் கால்பதித்தது. 1983 ஆகஸ்டில் இந்தியா அண்டார்டிகா உடன்படிக்கையில் இணைந்து, அடுத்த மாதமே கலந்தாய்வு உரிமையுள்ள நாடாயிற்று. மூன்றாவது பயணத்தின்போது ‘தட்சிண கங்கோத்ரி’ என்னும் முதல் நிலையம் பனித்தட்டின் மேல் அமைக்கப்பட்டது. அது சில ஆண்டுகளிலேயே பனியில் புதையத் தொடங்கிக் கைவிடப்பட்டது. 1989இல் ஷிர்மாக்கர் பாறைத்திட்டில் ‘மைத்ரி’யும், 2012இல் அதிலிருந்து ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தொலைவில் லார்ஸ்மன் குன்றுகளில் ‘பாரதி’யும் அமைந்தன.

இவ்வரலாறு பலரும் அறிந்தது. தட்சிண கங்கோத்ரி என்னும் பெயரில் மற்றொன்றும் இருப்பது அவ்வளவாக அறியப்படாதது. மைத்ரி நிலையத்திற்கு அருகே ஷிர்மாக்கர் பகுதியில் உள்ள ஒரு பனியாற்று முகப்பிற்கும் அப்பெயரே வழங்குகிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் 1983 முதல் அம்முகப்பின் இருப்பிடத்தை அளந்துவருகின்றனர். அம்முகப்பு பின்வாங்கிவருவதை அவ்வளவீடுகள் காட்டுகின்றன. இத்தொடரின் அறிவியல் மதிப்பைக் கருதி இந்தியா முன்மொழிந்ததன் பேரில், 2005இல் அப்பகுதி 163ஆம் எண்ணுள்ள சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்கு நுழைய உரிய அனுமதி வேண்டும்.

ஒரே பெயர் தாங்கிய இரண்டில் நிலையம் புதைந்தது, அளவீடு நிலைத்தது. ஆயினும் பொது நினைவில் நிலைத்திருப்பது நிலையமே. நாடு பெருமை கொள்ளும் அடையாளமாகக் கட்டடத்தையும் கொடியையும் காட்டுகிறோம். குறித்த புள்ளியிலிருந்து பனி விளிம்பு வரை ஆண்டுதோறும் அளந்த சில எண்களைக் காட்டுவதில்லை. அந்த எண்களுக்குப் பின்னே மனித உழைப்பும் இழப்பும் உள்ளன. 1990 ஜனவரி 8ஆம் நாள் ஹம்போல்ட் மலைத்தொடரில் அமைத்திருந்த முகாமில் நேர்ந்த விபத்தில் புவியியல் ஆய்வுத் துறையினர் மூவரும் கடற்படையின் தகவல் தொடர்புப் பணியாளர் ஒருவரும் உயிரிழந்தனர். அவர்களின் நினைவுப் பலகை இன்று அண்டார்டிகாவின் வரலாற்றுச் சின்னங்களுள் ஒன்று.

4. பல துறைகள், ஒரு கண்டம்

தொடரளவீட்டை ஒருங்கிணைப்பதில் உள்ள இடர் எங்கிருந்து வருகிறது என்பதை நிறுவனங்களின் பட்டியலே உணர்த்தும். கோவாவில் உள்ள தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையமும் இந்திய வானிலை ஆய்வுத் துறையும் புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் உள்ளன. மைத்ரியில் தரைநிலை வானிலைப் பதிவையும் ஓசோன் பலூன் ஏவுதலையும் வானிலைத் துறை செய்கிறது. காந்தப்புலப் பதிவைச் செய்யும் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் அறிவியல் தொழில்நுட்பத் துறையைச் சார்ந்தது. பனியாற்று முகப்பை அளக்கும் புவியியல் ஆய்வுத் துறை சுரங்க அமைச்சகத்தின் கீழ் வருகிறது. உயிரினங்களை ஆராயும் இந்தியக் கானுயிர் நிறுவனம் சுற்றுச்சூழல் அமைச்சகத்தைச் சேர்ந்தது. பனி ஆய்வில் பாதுகாப்பு ஆய்வு அமைப்புக்கும், பாரதியின் செயற்கைக்கோள் தரவு வாங்கு நிலையத்தில் விண்வெளித் துறைக்கும் பங்குண்டு.

ஒவ்வொன்றும் தன் தலைமையகத்திற்கு விடை கூறும் நிறுவனம். ஒவ்வொன்றின் வரவு செலவுத் திட்டமும் தனி. போக்குவரத்து, தங்குமிடம், கப்பல், எரிபொருள் ஆகியவற்றைக் கோவா மையம் ஒருங்கிணைக்கிறது. இப்பணியில் அது நாற்பதாண்டுப் பட்டறிவின் பலனைக் காட்டுகிறது என்பதை மறுக்க இயலாது. தேசியத் துருவத் தரவு மையமும் அங்கேயே இயங்குகிறது. ஆயினும் பயணத்தை ஒருங்கிணைத்தல் வேறு, தொடரை ஒருங்கிணைத்தல் வேறு. முன்னது எவர், எப்போது, எந்தக் கப்பலில் செல்வது என்னும் வினாவிற்கு விடை கூறுகிறது. பின்னதோ ஒரு நிறுவனம் இவ்வாண்டு ஆள் அனுப்பாவிட்டால் அந்த அளவீட்டை யார் எடுப்பது, கருவியை மாற்றும்போது பழைய கருவியையும் புதியதையும் எவ்வளவு காலம் சேர்த்து இயக்குவது, இரு துறைகளின் எண்களை ஒரே அலகில் எவ்வாறு வைப்பது என்னும் வினாக்களுக்கு விடை கூற வேண்டும்.

ஆர்க்டிக்கிலும் இவ்வேறுபாடு தெரிகிறது. இந்தியாவின் முதல் ஆர்க்டிக் பயணம் 2007இல் நிகழ்ந்தது. நை-ஆலசுண்டில் ‘ஹிமாத்ரி’ நிலையம் 2008 ஜூலை 1ஆம் நாள் திறக்கப்பட்டது. அங்கே குளிர்காலத்திலும் ஆய்வாளர் தங்கும் ஏற்பாடு 2023 டிசம்பரில்தான் வந்தது. அதுவரை துருவ இரவின் மாதங்களில் மனிதர் நேரில் எடுக்கவேண்டிய அளவீடுகள் இடைவெளிகளாகவே இருந்திருக்கும். இதற்கு மாறான நற்சான்று, 2014 ஜூலையில் காங்ஸ்ஃபியோர்டில் 192 மீட்டர் ஆழத்தில் நிறுத்தப்பட்ட ‘இண்டார்க்’ நங்கூரக் கருவித்தொகுதி. சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் பங்களிப்புடன் உருவான அது, ஆள் இல்லாத காலத்திலும் கடல்நீரின் வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் பதிவு செய்கிறது. தமிழகத்திலிருந்து சென்ற தொழில்நுட்பம் ஆர்க்டிக்கின் அடியில் எண்களை எழுதிக்கொண்டிருக்கிறது என்னும் செய்தி தமிழ் எழுத்தில் இடம்பெற்றது குறைவு.

5. 2022ஆம் ஆண்டுச் சட்டம்: அனுமதியின் மொழி

இந்திய அண்டார்டிகா சட்டம் நாடாளுமன்ற இரு அவைகளிலும் நிறைவேறி 2022 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. நெறிமுறையில் இணைந்து கால் நூற்றாண்டுக்குப் பின் உள்நாட்டுச் சட்டம் பிறந்தது வரவேற்கத்தக்கதே. இச்சட்டம் அண்டார்டிகா ஆளுகை மற்றும் சுற்றுச்சூழல் பாதுகாப்புக் குழு ஒன்றை நிறுவுகிறது. புவி அறிவியல் அமைச்சகச் செயலர் அதன் தலைவர். பல அமைச்சகங்களின் உயர் அலுவலர் பதின்மரும் வல்லுநர் இருவரும் உறுப்பினர். முந்தைய பகுதியில் சுட்டிய பல துறைகளை ஒரே மேசையில் அமர்த்தும் அமைப்பு இது. ஆகவே ஒருங்கிணைப்பிற்கான உடல் இச்சட்டத்தில் கிடைத்துவிட்டது எனலாம்.

அக்குழுவிற்கு வரையப்பட்டுள்ள பணிகளை நோக்குக: செயல்களுக்கு அனுமதி வழங்குதல், பன்னாட்டுச் சட்டங்கள் பின்பற்றப்படுவதை உறுதிசெய்தல், பிற நாடுகள் தரும் தகவல்களைப் பெற்று ஆராய்தல், கட்டணங்கள் குறித்துப் பிற தரப்பினரோடு பேசுதல். குற்றங்களும் தண்டனைகளும் விரிவாகக் கூறப்பட்டுள்ளன. அணு வெடிப்பு நிகழ்த்தினால் இருபது ஆண்டு முதல் ஆயுள் வரை சிறையும் ஐம்பது கோடி ரூபாய்க்குக் குறையாத தண்டமும் உண்டு. அனுமதியின்றிக் கனிமம் தோண்டினால் ஏழாண்டு வரை சிறை. செய்யக்கூடாதவை அனைத்தும் துல்லியமாக எண்ணப்பட்டுள்ளன. ஆனால் விடாமல் செய்தே ஆகவேண்டிய செயல் என ஒன்று, அதாவது தொடரளவீடு, குழுவின் பணிகளுள் தனித்தலைப்பாக இடம்பெறவில்லை.

நெறிமுறை கோரிய இருவகைப் பதிவுகளுள் முதல் வகையின் மொழியே சட்டம் முழுவதும் பரவியுள்ளது. ‘கண்காணி’யின் பழைய பொருள் இங்கே முழு உருவம் பெறுகிறது: அனுமதிச் சீட்டு, ஆய்வுக் குழுவினர், தண்டம். ஒருவர் அனுமதியின்றி 163ஆம் பாதுகாப்புப் பகுதிக்குள் நுழைந்தால் அவர் மீது நடவடிக்கை எடுக்கச் சட்டத்தில் இடமுண்டு. அப்பகுதி எதற்காகப் பாதுகாக்கப்படுகிறதோ அந்த அளவீடு ஓர் ஆண்டு எடுக்கப்படாமற்போனால் அதைக் கேட்பதற்கு யாருக்கும் கடமை இல்லை. காவல் இருக்கிறது, காக்கப்படும் பொருளைக் குறித்த பொறுப்பு தெளிவாக இல்லை.

சட்டம் என்பது தடுப்பதற்கானது, அறிவியல் திட்டம் வேறிடத்தில் வகுக்கப்படும் என்று ஒரு மறுப்பு எழலாம். அது ஓரளவு ஏற்கத்தக்கது. துருவ ஆய்விற்கான ‘பேசர்’ திட்டம், 2021–26 காலத்திற்கு 4,797 கோடி ரூபாயில் ஏற்கப்பட்ட ‘பிருத்வி’ பெருந்திட்டத்தின் ஐந்து உட்கூறுகளுள் ஒன்றாக இயங்குகிறது. நிதி இல்லை என்று கூற முடியாது. ஆனால் இத்திட்டத்தின் கால எல்லை ஐந்தாண்டு. 1983இல் தொடங்கிய ஒரு தொடருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தன் இருப்பை மெய்ப்பிக்க வேண்டிய நிலை ஏற்படுகிறது. புதியதொரு திட்டத்தோடு போட்டியிடும்போது ‘இவ்வாண்டும் முன்போலவே அளந்தோம்’ என்பது வலுவற்ற வாதமாகவே ஒலிக்கும். திட்டத்தின் காலமும் தொடரின் காலமும் முரண்படும் இடத்தில் சட்டத்தின் துணை தேவைப்படுகிறது. சட்டம் ஏற்படுத்தும் அண்டார்டிகா நிதி இதற்குப் பயன்படக்கூடும். அதற்கு எந்தெந்தத் தொடர்கள் கைவிடத்தகாதவை என்னும் பட்டியல் முதலில் வேண்டும்.

6. ஆர்க்டிக் கொள்கை: ஆறு தூண்களும் ஒரு முரணும்

2022 மார்ச் 17ஆம் நாள் வெளியான ஆர்க்டிக் கொள்கை ஆறு தூண்களை வைக்கிறது: அறிவியல் ஆய்வு, காலநிலையும் சுற்றுச்சூழல் பாதுகாப்பும், பொருளியலும் மனிதவள வளர்ச்சியும், போக்குவரத்தும் இணைப்பும், ஆளுகையும் பன்னாட்டு ஒத்துழைப்பும், தேசியத் திறன் வளர்ப்பு. பல அமைச்சகங்கள் அடங்கிய அதிகாரம் பெற்ற குழு இதனை நடைமுறைப்படுத்தும். அறிவியலை முதல் தூணாக வைத்தமை பாராட்டிற்குரியது.

ஆயினும் இப்பனுவலுக்குள் ஒரு முரண் உறைந்துள்ளது. முதலிரு தூண்கள் பனி உருகுவதை அளந்து கவலை கொள்கின்றன. அடுத்த இரு தூண்கள் பனி உருகுவதால் திறக்கும் கடல்வழிகளையும் வளங்களையும் வாய்ப்புகளாகக் காண்கின்றன. இரண்டும் ஒரே குழுவின் முன் வரும்போது அளவீடு எதன் பொருட்டு என்னும் வினா எழும். எச்சரிக்கைக்காக எடுக்கும் அதே எண் கப்பல் போக்குவரத்திற்கான முன்னறிவிப்பாகவும் பயன்படும். பயன் இரண்டாக இருப்பதில் தவறில்லை. எந்தப் பயனுக்கு முன்னுரிமை என்பதைக் கொள்கை கூறாமல் விட்டிருப்பதே குறை.

மற்றொரு குறை, துருவத்தையும் பருவமழையையும் இணைத்துப் பேசும் பொதுவுரைகளில் காணப்படும் மிகை. ஆர்க்டிக் பனி குறைவிற்கும் இந்தியப் பருவமழைக்கும் தொடர்பு உண்டு என்பது இன்று ஏறத்தாழ முழக்கமாகிவிட்டது. காரா கடற்பகுதியில் கோடைப் பனி குறைவதற்கும் மத்திய இந்தியாவில் செப்டம்பர் மாதக் கனமழைக்கும் இடையே தொடர்பு இருக்கக்கூடும் என்று கோவா மைய ஆய்வாளர் பங்கேற்ற ஆய்வு 2021இல் கூறியது. ‘கூடும்’ என்னும் அவ்வினைச்சொல் ஆய்வுரையிலிருந்து மேடைக்கு வரும் வழியில் உதிர்ந்துவிடுகிறது. மேலும் அம்முடிவு மத்திய இந்தியாவிற்கு உரியது. மேட்டூருக்கு நீர் தரும் குடகும் கபினிப் படுகையும் வேறு. ஐப்பசி கார்த்திகையில் ராசிபுரத்து மானாவாரி மரவள்ளிக்குப் பெய்யும் வடகிழக்குப் பருவமழை வேறு. நம் வட்டாரத்திற்குத் துருவத்தோடு என்ன உறவு என்பதைக் கூறவேண்டுமாயின் இரு முனைகளிலும் நீண்ட தொடர்கள் வேண்டும். ஒரு முனையில் மட்டும் அளந்தால் உறவு புலப்படாது.

7. மேட்டூர் அளவுகோல்

இரு முனைகளுள் நம் முனையில் நிலை என்ன? 1934இல் திறக்கப்பட்ட ஸ்டான்லி நீர்த்தேக்கத்தின் முழுமட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நீர்மட்டம், நீர்வரத்து, இருப்பு, வெளியேற்றம் என்னும் நான்கு எண்கள் நாள்தோறும் செய்தித்தாளில் வெளிவருகின்றன. சேலம் மாவட்டத்தில் எழுத்தறிவு குறைந்த முதியோரும் ‘இன்று மேட்டூர் எவ்வளவு’ என்று கேட்பர். ஜூன் 12ஆம் நாள் பாசனத்திற்குத் திறக்கப்படுமா என்னும் வினாவில் டெல்டாவின் குறுவை அடங்கியுள்ளது. அணையின் உபரிநீரைச் சரபங்கா வடிநிலத்தின் 100 ஏரிகளுக்கு ஏற்றும் திட்டமும் எந்த ஆண்டில் எவ்வளவு உபரி வரும் என்னும் கணிப்பையே நம்பியுள்ளது.

நாமக்கல்லிலும் இவ்வாறே. கால்நடை மருத்துவக் கல்லூரியில் இயங்கும் வேளாண் வானிலை ஆலோசனை மையம் வரும் நாட்களின் வெப்பம், காற்றின் வேகம், ஈரப்பதம் ஆகியவற்றோடு கோழிப்பண்ணையாளருக்கான அறிவுரையையும் வெளியிடுகிறது. வெயில் கூடினால் கோழி தீவனம் எடுப்பது குறையும், முட்டை ஓட்டின் தரம் குன்றும் என்பதால் பண்ணையாளர் அந்த எண்களைப் பொருட்படுத்திப் படிக்கின்றனர்.

இவ்விரு சான்றுகளும் உணர்த்துவது, அளவீட்டிற்கு ஒரு வாசகர் கூட்டம் இருந்தால் அது எளிதில் அறுபடாது என்பதே. மேட்டூர்ப் பதிவு ஒரு நாள் வெளிவராவிட்டால் உழவர் கேட்பர், செய்தியாளர் கேட்பர், அண்டை மாநிலமும் கேட்கும். தட்சிண கங்கோத்ரி முகப்பின் எண் ஓர் ஆண்டு வெளிவராவிட்டால் கேட்பார் எவரும் இலர். ஆகவே துருவத் தொடரளவீட்டின் ஒருங்கிணைப்பு என்பது அமைச்சகங்களுக்கு இடையிலான ஒழுங்கு மட்டும் ஆகாது. அவ்வெண்களுக்கும் மக்களுக்கும் இடையே ஏற்படவேண்டிய ஒழுங்கும் அதில் அடங்கும்.

இவ்வொப்பீட்டிற்கு எல்லையும் உண்டு. மேட்டூர் எண் நாளைய பயிருக்கு உடனே பயன்படுவது. துருவ எண் அவ்வாறு பயன்படாது. உடனடிப் பயனை எதிர்பார்த்து அதன் மேல் ஆர்வம் ஊட்டினால் மேலே சுட்டிய பருவமழை மிகையுரையே மீண்டும் விளையும். பயன் காலந்தாழ்த்தி வரும் என்பதை மறைக்காமல் கூறியே வாசகரை உருவாக்க வேண்டும்.

8. தமிழ் எழுத்தின் பங்கு

அத்தகைய வாசகரைத் தமிழ் அறிவியல் எழுத்து உருவாக்கியிருக்கிறதா? தென்கடல் தமிழ்க் கற்பனைக்குப் புதியதன்று. 1864இல் விலங்கியலாளர் ஸ்கிலேட்டர் முன்வைத்த இலெமூரியா என்னும் கருதுகோளைத் தமிழறிஞர் குமரிக்கண்ட மரபோடு இணைத்தனர். கண்டப்பெயர்ச்சிக் கொள்கை நிலைபெற்றபின் அறிவியலார் அக்கருதுகோளைக் கைவிட்டனர். எனினும் தமிழில் தென்கடலைப் பற்றிய எழுத்தின் பெரும்பகுதி இன்றும் இழந்த நிலத்தைப் பற்றியதாகவே உள்ளது. இருக்கின்ற தென்னிலமாகிய அண்டார்டிகாவில் நாற்பதாண்டுகளாக எழுதப்பட்டுவரும் எண்கள் அதன் கவனத்தைப் பெறவில்லை.

அண்டார்டிகாவைப் பற்றி வரும் தமிழ்க் கட்டுரைகள் பெரும்பாலும் பயணத்தின் அருஞ்செயல், பென்குயின், உறைகுளிர் ஆகியவற்றைச் சுற்றியே அமைகின்றன. 2024 மே மாதம் கொச்சியில் 46ஆவது அண்டார்டிகா உடன்படிக்கைக் கலந்தாய்வுக் கூட்டம் நடைபெற்றது. சேலத்திலிருந்து ஓரிரவுத் தொடர்வண்டிப் பயணத் தொலைவு. மைத்ரிக்கு மாற்றாகப் புதிய நிலையம் அமைக்கும் திட்டத்தை இந்தியா அங்கே அறிவித்தது. புதிய நிலையம் என்னும் செய்தி பரவலாக வந்தது. பழைய நிலையத்திலிருந்து புதியதற்கு மாறும்போது முப்பத்தைந்து ஆண்டு வானிலைத் தொடர் எவ்வாறு காக்கப்படும் என்னும் வினா நம் எழுத்தில் எழவில்லை. இடம் சிறிது மாறினாலும் காற்றின் அளவு மாறும். பழைய, புதிய இடங்களில் சில ஆண்டுகளேனும் சேர்த்து அளந்தால்தான் தொடர் ஒட்டும். கட்டடக் கலைஞரின் வரைபடத்தில் இது இடம்பெறாது. அளவீட்டை மதிக்கும் வாசகரின் கேள்வியில்தான் இடம்பெறும்.

முடிவுரை

இவ்வாய்வில் பெறப்பட்ட கருத்துகள் பின்வருமாறு:

1. ‘கண்காணிப்பு’ என்னும் சொல் நடத்தையை மேற்பார்வையிடும் பொருளையே வலுவாகச் சுமந்துள்ளது. நீண்டகாலச் சுற்றுச்சூழல் பதிவைத் ‘தொடரளவீடு’ என வேறுபடுத்தி வழங்குவது சிந்தனைத் தெளிவிற்கு உதவும்.

2. அண்டார்டிகா சட்டம் பல அமைச்சகங்களை ஒரே குழுவில் இணைத்துள்ளது. ஆயின் அனுமதியும் தண்டனையும் பெற்ற இடத்தைத் தொடரளவீடு பெறவில்லை. எந்தத் தொடர், எந்த நிறுவனத்தின் பொறுப்பு, அந்நிறுவனம் தவறினால் மாற்று யார் என்னும் பட்டியலை அக்குழு வெளியிடுதல் வேண்டும்.

3. ஆர்க்டிக் கொள்கை அறிவியலுக்கும் வணிக வாய்ப்புக்கும் ஒரே பனுவலில் இடம் தந்து, முன்னுரிமையைக் கூறாது விட்டுள்ளது. பருவமழை பற்றிய பொதுவுரைகளில் ஆய்வின் ஐயச்சொற்கள் காக்கப்பட வேண்டும்.

4. தேசியத் துருவத் தரவு மையம் ஆண்டுதோறும் ஒவ்வொரு தொடரின் நிலையையும், விடுபட்ட காலங்களையும் ஒரு பக்க அளவில் இந்திய மொழிகளில் வெளியிட்டால், மேட்டூர் மட்டத்திற்கு உள்ளது போன்ற பொதுக் கேள்வி மெல்ல உருவாகும்.

இவற்றுள் முதலாவதும் நான்காவதும் தமிழ்த்துறைகளின் ஆற்றலுக்கு உட்பட்டவை. கலைச்சொல்லைத் திருத்துவதற்கும், ஓர் ஆண்டின் எண்களைப் பிழையின்றித் தமிழில் எழுதுவதற்கும் பனிக்கண்டம் செல்ல வேண்டியதில்லை. அப்பணியை மேற்கொள்ளும் ஆய்வாளர், வட்டார மழைப் பதிவுகளையும் நிலத்தடி நீர்மட்டப் பதிவுகளையும் அதே முறையில் தொகுக்கத் தொடங்கினால், இரு முனைகளையும் ஒப்பிடும் ஆய்வுக்குச் சேலம், நாமக்கல் சமவெளியின் முனையேனும் ஆயத்தமாக இருக்கும்.